அரசுத் தரப்பு – 11: வழக்கு நடத்துவோருக்கு ஒரு தலைவர்

குற்ற வழக்குத் தொடர்வுத் துறையின் இயக்குநர் தானே நீதிமன்றத்தில் நின்று வாதாட வேண்டியதில்லை. மாநிலம் முழுவதும் நடுவர் மன்றங்களிலும் அமர்வு நீதிமன்றங்களிலும் அரசுக்காக வழக்கு நடத்தும் வழக்கறிஞர்களின் வேலைக்கு அவர் பொறுப்பு. ஒரு கொலை வழக்கின் கட்டு யார் கைக்குப் போகிறது, குற்றப்பத்திரிகையில் உள்ள ஓட்டை தாக்கலுக்கு முன்பே கண்ணில் படுகிறதா, விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யக் கெடு முடிவதற்குள் கருத்துரை போய்ச் சேருகிறதா என்பதெல்லாம் அந்த நாற்காலியில் இருப்பவரின் திறமையைப் பொறுத்தவை. பத்திரிகைகளில் பெரும்பாலும் அவர் பெயர் வருவதில்லை.

இந்தப் பதவி சட்டப் புத்தகத்தில் இடம்பெற்றது அண்மையில்தான். குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் 25ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 20-ஆவது பிரிவு அதை விரிவாக்கியது. மாநிலத்துக்கு ஓர் இயக்ககம், மாவட்டத்துக்கு ஒரு மாவட்ட இயக்ககம் என்பது அதன் அமைப்பு. பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய வழக்குகளையும், ஆயுள், மரண தண்டனைக்குரிய வழக்குகளையும் கண்காணிப்பது இயக்குநரின் வேலை. ஏழு முதல் பத்தாண்டுக்குள் வருபவை துணை இயக்குநரிடமும், ஏழாண்டுக்குக் கீழானவை உதவி இயக்குநரிடமும் உள்ளன. வழக்குகளை விரைவுபடுத்துவதும் மேல்முறையீடு குறித்துக் கருத்துரை வழங்குவதும் இயக்குநருக்கு உரியவை. பதினைந்து ஆண்டுகள் வழக்கறிஞராகத் தொழில் செய்தவர் அல்லது அமர்வு நீதிபதியாக இருப்பவர், இருந்தவர் அப்பதவிக்குத் தகுதியானவர்.

காவல் துறையிலிருந்து இந்தத் துறையைப் பிரித்தெடுக்கவே நீண்ட காலம் ஆனது. 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடுவர் மன்றங்களில் போலீஸ் அதிகாரிகளே அரசுத் தரப்பில் நின்றார்கள். புலனாய்வு செய்த துறையே வழக்கையும் நடத்தினால் சாட்சியத்தை நடுநிலையோடு எடைபோட ஆளிருக்காது என்று 1958-இல் வெளியான சட்ட ஆணையத்தின் 14-ஆவது அறிக்கை எடுத்துரைத்தது. 1973-ஆம் ஆண்டுச் சட்டம் உதவி அரசு வழக்கறிஞர் என்ற தனிப் பதவியை உருவாக்கியது. அப்படியும் சில மாநிலங்களில் அவர்கள் போலீஸ் அதிகாரிகளின் கட்டுப்பாட்டிலேயே நீடித்தார்கள். மகாராஷ்டிரத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், அவர்களைக் காவல் துறையின் பிடியிலிருந்து முழுதாக விடுவித்துத் தனிப் பிரிவாக அமைக்க வேண்டும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

இயக்குநருக்குக் கிடைக்கும் அணி ஒரே வார்ப்பில் ஆனதல்ல. தமிழ்நாட்டில் நடுவர் மன்றங்களில் நிற்கும் உதவி அரசு வழக்கறிஞர்கள், அதாவது ‘ஏ.பி.பி.’க்கள், அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வு எழுதி வந்தவர்கள். ஓய்வு பெறும்வரை துறையில் இருப்பவர்கள். அமர்வு நீதிமன்றத்தில் நிற்கும் ‘பி.பி.’ வழக்கறிஞர் சங்கத்திலிருந்து குறிப்பிட்ட காலத்துக்கு நியமிக்கப்படுபவர். மாவட்ட ஆட்சியர் அமர்வு நீதிபதியைக் கலந்து பெயர்ப் பட்டியல் தயாரிக்க வேண்டும் என்பது சட்டம். ஆனாலும் ஆட்சி மாறினால் ஆளும் மாறுவது பல மாநிலங்களில் பழக்கமாகிவிட்டது. 1990 பிப்ரவரியில் உத்தரப் பிரதேச அரசு ஒரே சுற்றறிக்கையில் எல்லா மாவட்ட அரசு வழக்கறிஞர்களின் நியமனத்தையும் முடித்துவைத்தது. அது அரசியல் சட்டத்தின் 14-ஆவது பிரிவுக்கு முரணான தான்தோன்றித்தனம் என்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பஞ்சாப், ஹரியானா தொடர்பான வழக்கில் 2016 மார்ச்சில் அதே நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், எத்தனை அரசு வழக்கறிஞர்கள் தேவை என்று முதலில் கணக்கிட வேண்டும், தகுதியைப் பார்க்கத் தேர்வுக் குழு வேண்டும் என்றது.

இந்த இரட்டை அமைப்பின் சுமை நேராகத் தலைமையின் மேல் விழுகிறது. ஒரு கொலை வழக்கு நடுவர் மன்றத்தில் தொடங்கி அமர்வு நீதிமன்றத்துக்கு ஒப்படைக்கப்படும்போது கட்டு ஒரு வகை வழக்கறிஞரிடமிருந்து இன்னொரு வகையினரிடம் போகிறது. முதலாமவருக்குத் தெரிந்த பலவீனம் இரண்டாமவருக்குத் தெரியாமல் போனால், அது குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வாயிலாகத்தான் தெரியவரும். கட்டோடு ஒரு குறிப்பும் போக வேண்டும்: எந்தச் சாட்சி தயங்குகிறார், எந்த ஆவணம் இன்னும் வரவில்லை, எந்தத் தேதி முரண்படுகிறது. ஒரு பக்கக் குறிப்பு போதும். அதைக் கட்டாயமாக்கி, எழுதப்படுகிறதா என்று பார்க்கும் இயக்குநர் பல வழக்குகளைக் காப்பாற்றுகிறார்.

அணித் தலைமையின் பெறுமதியான வேலை நீதிமன்றத்துக்கு வெளியே, குற்றப்பத்திரிகை தாக்கலாவதற்கு முன் நடக்கிறது. இதில் ஒரு நுட்பமான எல்லைக்கோடு உண்டு. அரசு வழக்கறிஞரின் கருத்தைக் கேட்டுத் திருத்திய குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்யுமாறு புலனாய்வு அதிகாரிக்குச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட வழக்கு ஒன்று 2000-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. யார்மீது குற்றம் சாட்டுவது என்று முடிவெடுப்பது புலனாய்வு அதிகாரியின் அதிகாரம், அதில் வழக்கறிஞருக்குச் சட்டப்படி பங்கில்லை என்று கூறி உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. புலனாய்வைக் குற்ற வழக்குத் துறை விழுங்கிவிடக் கூடாது என்ற அளவில் அது சரியான தீர்ப்பு. நடைமுறையில் அது வேறொரு பழக்கத்துக்கும் இடம் கொடுத்தது: போலீஸ் எழுதியது எழுதியபடியே நீதிமன்றம் போகும், ஓட்டை தெரியும்போது அடைக்க வழியிருக்காது. புதிய சட்டம் போலீஸ் அறிக்கையை ஆராய்ந்து சரிபார்ப்பதைத் துணை இயக்குநரின் வேலையாகவே எழுதியிருக்கிறது. முடிவு இன்றும் போலீஸாருடையதுதான். குறையை எழுத்தில் சுட்டிக்காட்டும் கடமை இப்போது சட்டத்தில் இருக்கிறது.

அப்படிச் சரிபார்ப்பவர் பார்க்க வேண்டியவை அனுபவமுள்ளவர்களுக்குப் பழக்கமானவை. முதல் தகவல் அறிக்கை பதிவான நேரத்துக்கும் அது நடுவரிடம் போய்ச் சேர்ந்த நேரத்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி? மகஜரில் கையெழுத்திட்ட சாட்சி அந்த ஊர்க்காரர்தானா? உடற்கூறாய்வு அறிக்கை சொல்லும் காயமும் கைப்பற்றப்பட்ட ஆயுதமும் பொருந்துகின்றனவா? தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போன பொருள் இடையில் யார் யாரிடம் இருந்தது? கேமராப் பதிவுக்கும் கைப்பேசி அழைப்பு விவரத்துக்கும் சாட்சியச் சட்டம் கேட்கும் சான்றிதழ் இணைக்கப்பட்டிருக்கிறதா? மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்யும்போது இந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இத்தனையையும் 60 அல்லது 90 நாள் கெடுவுக்குள் பார்க்க வேண்டும். அந்தக் கெடுவுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் காவலில் இருப்பவருக்கு ஜாமீன் உரிமையாகிவிடும். எண்பத்தைந்தாம் நாள் கட்டை அனுப்பிவைத்துக் கையெழுத்து கேட்கும் காவல் நிலையங்களோடு முன்கூட்டியே பேசி நாள் குறித்துவைப்பது தலைமையின் வேலை. அந்த அதிகாரிகள் யாரும் அவருக்குக் கீழே இல்லை என்பதால் உத்தரவு போட முடியாது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளரோடு மாதந்தோறும் உட்கார்ந்து பேசும் ஏற்பாடுதான் அங்கே பலன் தரும்.

விசாரணையில் அரசுத் தரப்பைக் கவிழ்ப்பது பெரும்பாலும் பிறழ் சாட்சி. அதற்கு ஒரு அணி எப்படித் தயாராக வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே தெளிவான உதாரணம் உண்டு. 2015 ஜூனில் நாமக்கல் மாவட்டத்தில், வேறு சாதிப் பெண்ணோடு பழகியதற்காகத் தலித் இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். அவர் உடல் தலையின்றி ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. விசாரணை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டது. இளைஞரின் தாயார் கோரியபடி மூத்த வழக்கறிஞர் ப.பா. மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞரானார். கடைசியாக அந்த இளைஞரோடு இருந்த முக்கியச் சாட்சி நீதிமன்றத்தில் பிறழ்ந்துவிட்டார். வழக்கு அந்த ஒருவர் வாயை மட்டும் நம்பியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலின் கேமராப் பதிவுகள் உள்ளிட்ட சூழ்நிலைச் சாட்சியங்களைக் கண்ணி கண்ணியாகக் கோத்து அரசுத் தரப்பு வழக்கை நிறுத்தியது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. மேல்முறையீட்டைக் கேட்ட இரு நீதிபதிகளும் 2023 ஜனவரியில் கோயிலுக்கே நேரில் போய்க் கேமராக்கள் இருந்த இடங்களைப் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஜூனில் முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனை உறுதியானது.

சாட்சி நிற்கவும் வேண்டும், சாட்சி நிற்காவிட்டாலும் வழக்கு நிற்க வேண்டும். முதலாவதற்குச் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்பளித்த திட்டம் அது, புதிய சட்டமும் ஒவ்வொரு மாநிலமும் ஒரு திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. பாதுகாப்புக்கான மனுவைத் தக்க நேரத்தில் போடுவது அணியின் கையில் உள்ளது. இரண்டாவதற்கு, ஒவ்வொரு கடும் குற்ற வழக்கிலும் ‘இந்தச் சாட்சி இல்லாவிட்டால் மிச்சம் என்ன?’ என்று முதல் விசாரணைக்கு முன்பே மூத்தவர் ஒருவர் கேட்டாக வேண்டும்.

யாருடைய வேலை எப்படி என்று அளப்பதற்குப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்பு விதிகள் (1995) நல்ல முன்மாதிரி தருகின்றன. சிறப்பு அரசு வழக்கறிஞர்களின் செயல்பாட்டை ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், மாவட்ட ஆட்சியரும் குற்ற வழக்குத் துறைத் தலைவரும் ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை தர வேண்டும் என்பது விதி. இதை எல்லா வகை வழக்குகளுக்கும் விரித்தால் நல்லது. ஆனால் அளவுகோல் தண்டனை விகிதமாக மட்டும் இருந்தால் கேடுதான். தண்டனை எண்ணிக்கைக்காக ஓடும் வழக்கறிஞர், குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான ஆவணத்தை நீதிமன்றத்தின் முன் வைக்கத் தயங்குவார். வைக்க வேண்டியது அவர் கடமை. அரசு வழக்கறிஞர் புலனாய்வுத் துறையின் அஞ்சல் நிலையம் அல்ல என்று 1994-இலேயே உச்ச நீதிமன்றம் தடா வழக்கொன்றில் எச்சரித்திருக்கிறது. எதிர்முனையும் உண்டு. குஜராத்தின் பெஸ்ட் பேக்கரி வழக்கில் அரசு வழக்கறிஞர் எதிர்த்தரப்புக்கு உதவுபவரைப் போல நடந்துகொண்டார் என்று கண்டு, 2004-இல் உச்ச நீதிமன்றம் மகாராஷ்டிரத்தில் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது.

தீர்ப்புக்குப் பின் வரும் வேலையைத்தான் பெரும்பாலான அலுவலகங்கள் அலட்சியம் செய்கின்றன. 2014 ஜனவரியில் ஒரு வழக்கு உச்ச நீதிமன்றத்தை உலுக்கியது. ஆறு வயதுச் சிறுமி வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட அந்த வழக்கில், புலனாய்விலும் வழக்கு நடத்தியதிலும் நேர்ந்த குறைகளால் குற்றம் சாட்டப்பட்டவரை விடுதலை செய்வது தவிர வேறு வழியில்லாமல் போனது. ஒவ்வொரு மாநிலமும் காவல் துறை, குற்ற வழக்குத் துறை ஆகியவற்றின் மூத்த அதிகாரிகளைக் கொண்ட நிலைக்குழு அமைத்து, ஒவ்வொரு விடுதலைத் தீர்ப்பையும் ஆராய்ந்து, தவறுக்குக் காரணமானவர் யார் என்று கண்டறிந்து, அந்தப் பாடங்களைப் பயிற்சியில் சேர்க்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. தவறியவரைத் தண்டிக்க மட்டும் அந்தக் குழு கூடினால் எல்லோரும் தங்களைக் காத்துக்கொள்ளத்தான் எழுதுவார்கள். பாடம் எடுக்கக் கூடினால் அடுத்த ஆண்டின் குற்றப்பத்திரிகைகள் மாறும்.

மேல்முறையீட்டுக்குக் கெடு உண்டு. உயர் நீதிமன்றத்தில் அரசு தாக்கல் செய்ய 90 நாள். மாவட்டத்திலிருந்து கருத்துரை, இயக்ககத்தின் பரிந்துரை, உள்துறையின் ஆணை, பிறகு உயர் நீதிமன்றத்தில் தாக்கல் என்று கோப்பு நான்கு மேசைகளைக் கடக்க வேண்டும். கோப்பு மெதுவாக நகர்ந்தது என்ற அரசுத் துறைகளின் வழக்கமான சாக்கு இனி செல்லாது என்று 2012-இல் அஞ்சல் துறை 427 நாள் தாமதித்த உரிமையியல் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பின் நகலுக்கு அன்றைக்கே விண்ணப்பிப்பதும், விசாரணை நடத்தியவரிடமிருந்து பத்து நாளில் கருத்துரை வாங்குவதும் சின்ன ஒழுங்குகள்தான். அவை இல்லாததால் மேல்முறையீடுகள் தோற்கின்றன.

எல்லாவற்றிலும் கடினமானது மேலிடத்து அழுத்தம். வழக்கைத் திரும்பப் பெற நீதிமன்றத்தில் மனுச் செய்பவர் அரசு வழக்கறிஞர். முடிவு அவருடைய சொந்த மனத்தால் எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும், பொதுநலம் கருதியதாக இருக்க வேண்டும், நீதிமன்றமும் சம்மதிக்க வேண்டும். 2015 மார்ச்சில் கேரளச் சட்டமன்றத்தில் நடந்த ரகளை தொடர்பான வழக்கைத் திரும்பப் பெற வந்த மனுவை 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அடுத்த மாதமே, மக்கள் பிரதிநிதிகள் மீதான வழக்குகளை உயர் நீதிமன்ற அனுமதியின்றித் திரும்பப் பெற முடியாது என்று ஆணை வந்தது. நிற்பவருக்கு அதிகாரம் கொடுத்தது யார் என்பதும் சிறிய கேள்வி அல்ல. ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கின் மேல்முறையீட்டில் தமிழ்நாடு அரசு நியமித்த வழக்கறிஞர் பவானி சிங் அரசுத் தரப்பில் நின்றது செல்லாது, நியமிக்கும் அதிகாரம் கர்நாடக அரசுக்கே உண்டு என்று 2015 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாதம் முடிந்து தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்ட நிலையில், கர்நாடகத்தின் தரப்பு எழுத்து மூலமான வாதத்தோடு நின்றது.

இத்தகைய அழுத்தத்தைத் தன் அணிக்கு முன்னால் நின்று தாங்க வேண்டியவர் இயக்குநர். அவருக்கு அந்தப் பலத்தைச் சட்டம் கொடுக்கவில்லை. காவல் துறைக்கு மேலே உள்ள உள்துறையே அவருக்கும் மேலே இருக்கிறது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் அவரை நியமிக்க உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் இசைவு வேண்டும் என்றது. புதிய சட்டத்தில் அந்த வரி இல்லை. குறைந்தபட்சப் பதவிக்காலமும் எதிலும் எழுதப்படவில்லை. தலைமை நீதிபதியைக் கலந்தே நியமிப்பது, நியமித்தவரை இடையில் காரணமின்றி மாற்றாமல் இருப்பது ஆகிய இரண்டையும் மாநில அரசு தன் பணி விதிகளில் சேர்த்துக்கொள்ளச் சட்டம் தடை சொல்லவில்லை. தமிழ்நாடு அதை முதலில் செய்ய வேண்டும்.