நாட்டு நலப்பணித் திட்டம்

நாட்டு நலப்பணித் திட்டம் என்பது கல்லூரி மாணவர்கள் சமூகப் பணியின் வழியே தம் ஆளுமையை வளர்த்துக்கொள்வதற்கான இந்திய அரசின் திட்டமாகும். காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது.

இதில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டாண்டுகள் பணியாற்றுவதுடன், தெரிவு செய்யப்பட்ட ஊரொன்றில் ஏழு நாள் சிறப்பு முகாமிலும் பங்கேற்க வேண்டும். இம்முகாமே திட்டத்தின் உயிர்நாடி எனலாம். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளுடன் சாலை ஏறத் தொடங்கும் காரவள்ளி போன்ற அடிவார ஊரில் முகாமிடுவோர், அவ்வூருக்குத் தேவை மரக்கன்றா மருத்துவ முகாமா என்பதை மக்களிடமே கேட்டறிய வேண்டியிருக்கும். வேலையைப் பங்கிடுதல், ஊராட்சியினருடன் பேசுதல், சமையல் செலவுக்குக் கணக்கு எழுதுதல் ஆகியவை பின்னாளில் எந்தப் பணிக்கும் உதவுபவை. சான்றிதழுக்காக மட்டும் சேர்வோரும் உண்டு. 240 மணி நேரப் பணியையும் முகாமையும் நிறைவு செய்தோருக்கே அது வழங்கப்படுகிறது.