இரு நதிகளுக்கு இடையே ஒரு நாடு

ஐரோப்பாவின் படத்தை விரித்து, கருங்கடலின் வடமேற்கு மூலையில் விரலை வையுங்கள். அதற்குச் சற்று மேலே, மேற்கில் ருமேனியாவும் மற்ற மூன்று புறங்களிலும் உக்ரெய்னும் சூழ, திராட்சைக் கொத்தைப் போன்ற வடிவில் ஒரு சிறு நாடு தென்படும். அதுதான் மால்டோவா. பரப்பு ஏறக்குறைய 34,000 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை முப்பது லட்சத்துக்கும் குறைவு. கடற்கரை இல்லை. நிலக்கரியும் எண்ணெயும் சொல்லத்தக்க அளவில் கிடையா. கரிய வளமான மண்ணும் அதில் விளையும் திராட்சையுமே அந்நாட்டின் செல்வம்.

இத்தகைய நாட்டின் அரசியலை நாம் ஏன் அறிய வேண்டும்? வல்லரசுகளின் விருப்பங்களுக்கு நடுவே ஒரு சிறிய நாடு தன் விருப்பத்தை எவ்வாறு காத்துக்கொள்வது என்பது உலகில் பல நாடுகளுக்கும் பொதுவான கேள்வி. அக்கேள்விக்கு மால்டோவாவின் வரலாறு ஒரு தெளிவான எடுத்துக்காட்டு.

அந்நாட்டின் மேற்கெல்லையில் புரூத் நதி ஓடுகிறது; கிழக்கே நீஸ்டர் நதி ஓடுகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்தின் பழம்பெயர் பெஸ்ஸரேபியா. 1812ஆம் ஆண்டில் துருக்கியப் பேரரசு அதை ருஷ்யப் பேரரசுக்கு விட்டுக்கொடுத்தது. 1918இல் அது ருமேனியாவுடன் இணைந்தது. 1940இல் சோவியத் ஒன்றியம் அதைக் கைக்கொண்டது. உலகப் போரின்போது மீண்டும் கைமாறி, 1944இல் சோவியத் வசமே நிலைத்தது. பொதுமக்கள் வாக்கெடுப்பினால் நிகழ்ந்த மாற்றம் இவற்றுள் ஒன்றேனும் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, மொழியைப் பார்ப்போம். அந்நாட்டில் பெரும்பாலோர் பேசுவது, இலத்தீனத்தின் வழிவந்த ருமேனிய மொழி. சோவியத் ஆட்சியில் அது ருஷ்ய எழுத்துக்களில் எழுதப்பட்டது. ‘மால்டோவிய மொழி’ என்ற தனிப் பெயரும் பெற்றது. பேச்சு ஒன்றே, எழுத்தும் பெயருமே வேறு. ஆனால், எழுத்து வேறாகிவிட்டால் எல்லைக்கு அப்பால் அச்சாகும் நூல் அயல்நூலாகிவிடும் அல்லவா? 1989 ஆகஸ்டில் தலைநகரான கிஷினாவில் மக்கள் லட்சக்கணக்கில் திரண்டனர். அம்மாதம் 31ஆம் நாள் இலத்தீன எழுத்தை மீட்கும் சட்டம் நிறைவேறிற்று. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1991 ஆகஸ்டு 27ஆம் நாள் மால்டோவா சுதந்திர நாடாயிற்று. மொழியின் பெயரைப் பற்றிய வழக்கு மட்டும் நீண்டது. 2023இல்தான் பார்லிமெண்டு அதைச் சட்டங்களில் ‘ருமேனிய மொழி’ என்றே குறிக்க வேண்டும் என்று விதித்தது.

ஒரு சாராருக்கு விடுதலையாகத் தோன்றியது மற்றொரு சாராருக்கு அச்சமாயிற்று. நீஸ்டர் நதிக்கு அப்பால் ருஷ்ய மொழி பேசுவோரும் பெரிய தொழிற்சாலைகளும் மிகுதி. நாளை ருமேனியாவோடு கலந்துவிட்டால் தம் நிலை என்னாகும் என்று அங்குள்ளோர் பலர் அஞ்சினர். 1992இல் போர் மூண்டது, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ருஷ்யப் படையின் தலையீட்டுக்குப் பின் ஜூலையில் போர் நின்றது. அன்று முதல் டிரான்ஸ்நீஸ்டிரியா என்னும் அப்பகுதி தனிக் கொடியும் தனி நாணயமும் கொண்டு இயங்கி வருகிறது. ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பு நாடு எதுவும் அதைத் தனி நாடாக ஏற்கவில்லை. 1994ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, மால்டோவா என்றும் நடுநிலை நாடு என்றும், அயல்நாட்டுப் படைக்கு அங்கே இடமில்லை என்றும் கூறுகிறது. ஆயினும் ருஷ்யப் படையினர் அங்கிருந்து நீங்கவில்லை. நடுநிலை என்பது நாம் அறிவித்தால் மட்டும் போதாது. பிறரும் மதித்தால்தான் நிலைக்கும்.

அடுத்து, வாணிபம். மால்டோவாவின் திராட்சை மது நெடுங்காலம் ருஷ்யச் சந்தையையே நம்பியிருந்தது. 2006இல் சுகாதாரக் குறையைக் காரணம் காட்டி ருஷ்யா அதற்குத் தடை விதித்தது. 2013இல், ஐரோப்பிய ஒன்றியத்துடன் மால்டோவா உடன்படிக்கைக்கு ஆயத்தமான வேளையில், மீண்டும் தடை வந்தது. தடையால் வாடிய தோட்டக்காரர்கள் வேறு சந்தை தேடினர். 2014இல் அவ்வுடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பின்னர் நாட்டின் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கே செல்லலாயிற்று.

எரிவாயுவின் கதையும் இத்தகையதே. வீட்டைச் சூடாக்கும் வாயு ருஷ்யாவிலிருந்து வந்தது. மின்சாரத்தில் பெரும்பகுதி டிரான்ஸ்நீஸ்டிரியாவிலுள்ள குச்சுர்கான் மின்நிலையத்திலிருந்து வந்தது. அந்நிலையமும் ருஷ்ய வாயுவாலேயே இயங்கிற்று. 2022இல் உக்ரெய்ன் போர் தொடங்கியபின் மால்டோவா ஐரோப்பிய மின்வலையில் இணைந்தது. ருமேனியா வழியாக வாயு பெறவும் வகை செய்துகொண்டது. 2025 ஜனவரி முதல் நாள் உக்ரெய்ன் வழியே வந்த ருஷ்ய வாயு நின்றபோது, கடுங்குளிரில் முதலில் விறைத்தவர்கள் டிரான்ஸ்நீஸ்டிரியா மக்களே. ஏறத்தாழ விலையில்லாமல் வந்த வாயுவை நம்பியிருந்த அவர்களுடைய வீடுகள் குளிர்ந்தன, ஆலைகள் நின்றன. மற்றப் பகுதியினர் கூடுதல் விலை கொடுத்தாயினும் குளிர்காலத்தைக் கடந்தனர்.

இவற்றைக் கொண்டு, மேற்கு நோக்குவோர் எல்லாரும் நல்லவர், கிழக்கு நோக்குவோர் எல்லாரும் தீயவர் என்று முடிவு கட்டிவிடலாகாது. கம்யூனிஸ்டுத் தலைவரான வொரோனின், ருஷ்யா வகுத்த சமரசத் திட்டத்தில் கையெழுத்திட 2003இல் மறுத்துவிட்டார். மேற்கின் நண்பர்கள் எனப்பட்டோர் ஆண்டபோதுதான், 2014இல் மூன்று வங்கிகளிலிருந்து ஏறக்குறைய நூறு கோடி டாலர் மாயமாயிற்று. நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் அது எட்டில் ஒரு பங்கு! திசையின் பெயரால் ஆளுவோரும் திருடக்கூடும் என்பதை மக்கள் அன்று கண்டனர். அந்த ஏமாற்றத்தினூடே நேர்மையை முழக்கமாகக் கொண்டு எழுந்தவர் மாயா சாண்டு. 2020இல் அவர் குடியரசுத் தலைவரானார். அவருடைய அரசாங்கம் 2022 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர விண்ணப்பித்தது.

2024 அக்டோபர் 20ஆம் நாள், அவ்வொன்றியத்தில் சேரும் நோக்கத்தை அரசியலமைப்பில் பொறிக்கலாமா என்று மக்களிடமே கேட்கப்பட்டது. சுமார் பதினைந்து லட்சம் வாக்குகளில், ஏறக்குறைய பத்தாயிரத்து ஐந்நூறு வாக்கு வேறுபாட்டில் ‘ஆம்’ என்பது வென்றது. ருஷ்யப் பணம் கொடுத்து வாக்குகள் வாங்கப்பட்டதாக அரசாங்கம் குற்றம் சாட்டியது, ருஷ்யா மறுத்தது. நாட்டினுள் பதிவான வாக்குகளில் எதிர்ப்பே மிகுதி. பிழைப்புக்காக வெளிநாடு சென்றோரின் வாக்குகளே முடிவை மாற்றின. துருக்கிய இன மொழி பேசும் ககவூஸ் மக்களின் தன்னாட்சிப் பகுதியில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ‘இல்லை’ என்றனர். 2025 செப்டம்பரில் நடந்த பார்லிமெண்டுத் தேர்தலில் சாண்டுவின் கட்சி 101 இடங்களில் 55 இடங்களைப் பெற்றது.

வென்றவருக்கு வழி கிடைத்துவிட்டது; ஆனால் தோற்றவரும் அதே நாட்டின் மக்களே. அவர்களை உடன் அழைத்துச் செல்லாமல் எத்திசையில் சென்றாலும் அப்பயணம் பாதி நாட்டின் பயணமாகவே இருக்கும். மால்டோவா நமக்குக் கூறும் செய்தி இதுதான்: ஒரே ஒரு வாசல் உள்ள வீட்டில், அவ்வாசலைக் காப்பவனே எசமானன். சிறிய நாட்டின் சுதந்திரம், இரண்டாவது வாசலைத் திறப்பதில் தொடங்குகிறது. எவ்வாசல் வழியே செல்வது என்பதை வீட்டார் அனைவரும் கூடி முடிவு செய்வதில் நிறைவு பெறுகிறது.