பாலாடைக்கட்டிக்கு மாற்று எது?

பொருளியல் மாணவர்களுக்குப் பதிலீட்டுப் பண்டங்களைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது நான் வழக்கமாகக் கூறிவந்த எடுத்துக்காட்டு, வெண்ணெயும் மார்கரினும். ஒன்றின் விலை ஏறினால் மற்றொன்றின் தேவை கூடும் என்று கரும்பலகையில் கோடு வரைந்துவிட்டு அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுவேன். அந்தப் பாடத்தில் இருந்த குறையை ஓய்வு பெற்ற பிறகு என் ஆறு வயதுப் பேத்தியால் உணர்ந்தேன்.

அவளுக்குப் பால் ஒவ்வாமை. பிறந்தநாள் விழா ஒன்றில் மற்ற குழந்தைகள் பீட்சா உண்பதைப் பார்த்து ஏங்கி வந்தவளுக்காகக் கடைக்குச் சென்றேன். 'பால் கொழுப்பே கிடையாது, தாவர எண்ணெயில் செய்தது' என்று கடைக்காரர் உறுதி கூறிய சீஸ் பொட்டலத்தை வாங்கி வந்தேன். விலையும் மலிவு. என் மருமகள் பொட்டலத்தைத் திருப்பி, மூலப்பொருள் பட்டியலைப் படித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அதை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். பட்டியலில் 'கேசின்' இருந்தது. பசும்பால் புரதத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கேசின்தான்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பால் கொழுப்பை நீக்கி, மலிவான தாவர எண்ணெயைச் சேர்த்துத் தயாரிக்கப்படும் இத்தகைய போலிப் பாலாடைக்கட்டிகளில் பால் புரதம் இருப்பது வழக்கமே. பணத்தை மிச்சப்படுத்த நினைப்பவருக்கு அது மாற்று; கொழுப்பு வகையை மாற்ற நினைப்பவருக்கும் ஒருவகையில் மாற்று. ஒவ்வாமை உள்ள குழந்தைக்கோ அது பாலேதான்.

நுகர்வோர் பண்டத்தை வாங்குவதில்லை, பண்டத்தில் அடங்கிய பண்புகளையே வாங்குகின்றனர் என்று கெல்வின் லங்காஸ்டர் 1966-இல் எழுதினார். நான் பலமுறை கற்பித்த கருத்துதான் இது. கடையில் நின்றபோது நினைவுக்கு வரவில்லை.

எனவே, எதைத் தவிர்க்க வேண்டும் என்பதே முதற்கேள்வி. லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை செரிக்காதவர்களின் நிலை வேறு. செடார், பார்மெசான் போன்ற நாள்பட்ட கெட்டிச் சீஸ்களில் லாக்டோஸின் பெரும்பகுதி மோரோடு வடிந்துவிடுகிறது. எஞ்சியதை நுண்ணுயிர்கள் புளிக்கச் செய்துவிடுகின்றன. அவர்களில் பலர் இவற்றைச் சிறிதளவு உண்ண முடியும். புரத ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆட்டுப்பாலும் அவர்களுக்கு உதவாது; அதன் புரதமும் பசும்பால் புரதத்தை மிகவும் ஒத்தது.

அடுத்த கேள்வி, சீஸிடம் நாம் எதிர்பார்ப்பது என்ன என்பது. குழம்பில் போடும் பனீருக்கு டோஃபு நல்ல மாற்று. நீரைப் பிழிந்து எடுத்துவிட்டு உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து ஊற வைத்தால் போதும். கால்சியம் சல்பேட்டால் உறைய வைத்த டோஃபுவில் சுண்ணாம்புச் சத்தும் கணிசமாக உண்டு. ஆனால், அது பீட்சாவில் உருகாது. சூட்டில் உருகி நூலாக இழுபடுவது கேசின் வலைப்பின்னலின் குணம். தாவரப் புரதங்களில் அதை எளிதில் கொண்டுவர முடிவதில்லை. தேங்காய் எண்ணெயும் மாவுப்பொருளும் கலந்த கடைச் சரக்குகள் உருகும். ஆனால், அவற்றுள் பலவற்றில் புரதம் பெயருக்குத்தான் இருக்கும். நிறைவுற்ற கொழுப்போ மிகுதி.

எங்கள் வீட்டில் இப்போது ஊறவைத்த முந்திரியை அரைத்து, மரவள்ளி மாவு, எலுமிச்சைச் சாறு, உப்பு சேர்த்து அடுப்பில் கிளறுகிறார்கள். மரவள்ளி மாவு பசைபோல் இறுகி, ஓரளவு இழுபடுகிறது. முந்திரியே ஒத்துக்கொள்ளாத குழந்தைகளும் உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சீஸின் சுண்ணாம்புச் சத்து இதில் கிடைக்காது. அதற்குக் கேழ்வரகு இருக்கிறது: 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லி கிராம். ஆக, ஒரு சீஸுக்கு ஈடாக மூன்று பண்டங்கள், செலவும் அதற்கேற்ப.

பொட்டல உணவுகளில் பால் உள்ளிட்ட ஒவ்வாமைப் பொருள்களைக் குறிப்பிட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் விதிமுறைகள் கூறுகின்றன. உதிரியாக விற்கப்படும் சீஸைக் கையில் எடுத்துப் பார்ப்பவருக்குப் படிக்கப் பட்டியல் ஏதுமில்லை.

விலையைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் பொட்டலப் பனீருக்கு ஜிஎஸ்டி இல்லை. சோயா பால் உள்ளிட்ட தாவரப் பால் பானங்களுக்கும் வரி குறைக்கப்பட்டது. ஆயினும், 5 சதவீதம் நீடிக்கிறது. அதாவது, பாலை உண்ண முடிந்தவருக்கு விலக்கு, முடியாதவருக்கு வரி. இதற்கு என்ன நியாயம் என்பதை நிதி அமைச்சகம்தான் விளக்க வேண்டும்.