நடுக்கடலில் ஆட்டோபைலட் அணைகிறதா? முதலில் ஒயரைப் பாருங்கள்!

2013 ஜனவரி 2. பாய்மரப் படகில் தன்னந்தனியாக, வெளி உதவி எதுவும் இல்லாமல் உலகைச் சுற்றிவர வேண்டிய 'வெண்டே குளோப்' போட்டியிலிருந்து சுவிட்சர்லாந்தின் பெர்னார் ஸ்டாம் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்.

பாய்மரம் முறியவில்லை. கரண்ட்தான் பிரச்சினை. படகு ஓடும் வேகத்தில் மின்சாரம் தயாரிக்கும் ஹைட்ரோஜெனரேட்டர்கள் பழுதாகிவிட்டன. நியூசிலாந்துக்குத் தெற்கே ஆக்லாந்து தீவுகளில் ஒதுங்கிச் சரிசெய்யப் பார்த்தார். நங்கூரம் பிடிக்கவில்லை, அருகில் நின்ற ரஷ்யக் கப்பலில் படகைக் கட்ட வேண்டியதாயிற்று. அந்தக் கப்பல்காரர் ஒருவர் படகில் ஏறி உதவினார். அவ்வளவுதான், விதிமீறல்!

கரண்ட்டுக்காக ஏன் இவ்வளவு பாடு? தனியாகப் போகிறவர் தூங்கியாக வேண்டும். அப்போது சுக்கானைப் பிடித்துக்கொள்வது ஆட்டோபைலட். திசைகாட்டியைப் பார்த்து, மோட்டாரால் சுக்கானைத் திருப்பும் கருவி அது. மின்சாரம் போனால் அதுவும் போச்சு.

போட்டிப் படகை விடுங்கள். விடுமுறைக்குப் போகும் சிறிய படகிலும் இந்தத் தலைவலி உண்டு. "துறைமுகத்துல நல்லாத்தானே ஓடுச்சு?" என்பதுதான் வழக்கமான புலம்பல். அலை பெரிதானதும் 'பீப்' என்று கத்திவிட்டு அணைந்துவிடும். உடனே கருவியைக் கழற்றி சர்வீஸுக்கு அனுப்புவார்கள். அங்கே அது சமர்த்தாக ஓடும்!

காரணம் எளிது. கரையில் சுக்கானுக்குச் சுமை இல்லை; மோட்டார் கொஞ்சம்தான் கரண்ட் இழுக்கும். கடலில் அலையை எதிர்த்துத் திருப்பும்போது 10 ஆம்பியர்கூட இழுக்கலாம். இப்போது கணக்கைப் பாருங்கள். பேட்டரியிலிருந்து கருவிக்கு 10 மீட்டர். போக வர 20 மீட்டர் ஒயர். 2.5 சதுர மி.மீ. தாமிர ஒயர் என்றால் 10 ஆம்பியரில் சுமார் 1.4 வோல்ட் வழியிலேயே காலி. பாதி தீர்ந்த பேட்டரி 12 வோல்ட் கொடுத்தாலும் கருவிக்குப் போய்ச் சேர்வது 10.6 வோல்ட்தான். இதில் உப்புக் காற்றால் களிம்பேறிய ஒரு இணைப்பும் இருந்தால்? கருவியின் கம்ப்யூட்டர் 'ரீசெட்' ஆகிவிடும். அதே தூரத்துக்கு 10 சதுர மி.மீ. ஒயர் போட்டால் இழப்பு 0.4 வோல்ட்டுக்குள் அடங்கும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு மல்டிமீட்டர், இரண்டு பேர் போதும். மோட்டார் சும்மா இருக்கும்போது அளந்தால் எல்லாமே 12.5 வோல்ட் என்றுதான் காட்டும். பலரும் ஏமாறுவது இங்கேதான். ஒருவர் பட்டனை அழுத்தி சுக்கானைத் திருப்பிக்கொண்டே இருக்கணும். அதே நேரத்தில் இன்னொருவர் பேட்டரி முனையிலும் கருவியின் முனையிலும் அளக்கணும். இரண்டு இடத்திலும் சரிந்தால் சந்தேகம் பேட்டரி மேல். கருவியிடம் மட்டும் சரிந்தால் ஒயர், பிரேக்கர், ஃபியூஸ் ஹோல்டர் என்று ஒவ்வொன்றின் இரு முனைகளுக்கும் இடையே மீட்டரை வைத்துப் பாருங்கள். எங்கே அரை வோல்ட் காட்டுகிறதோ அங்கேதான் ஓட்டை. நெகட்டிவ் ஒயரை மறந்துவிடாதீர்கள். எல்லோரும் பாசிட்டிவை மட்டும் சோதித்துவிட்டுக் கையை விரிப்பார்கள்.

ஒயர் எல்லாம் சரி, ஆனாலும் விடியற்காலையில் மட்டும் அணைகிறதா? அது பேட்டரியின் கொள்ளளவுப் பிரச்சினை. சராசரியாக 3 ஆம்பியர் என்றாலே ஒரு நாளைக்கு 72 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். சோலாரைக் கூட்டலாம், செலவில்லாத வழியும் ஒன்று உண்டு. ஆட்டோபைலட்டை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் சுக்கானைக் கையில் பிடித்துப் பாருங்கள். இழுத்துக்கொண்டே போகிறதா? பாயைக் கொஞ்சம் சுருக்கிவிட்டு மறுபடி ஆன் பண்ணுங்கள்.