மலைப்பாதையில் நழுவும் சங்கிலி

மவுண்டன் பைக் எனப்படும் மலைப்பாதை மிதிவண்டியில் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது, சங்கிலி படக்கென்று ஒரு பல்லைத் தாண்டி விழுமானால், ஓட்டுநர்கள் பலரும் அதைக் கியர் கேபிளின் கோளாறு என்றே முடிவுகட்டி, உடனே திருகில் கைவைத்துவிடுகிறார்கள். கேபிள் தளர்ந்திருப்பதும் ஒரு காரணம்தான் என்றாலும், தேய்ந்த சங்கிலி, தேய்ந்த பற்சக்கரம், இறுகிப்போன ஒற்றைக் கண்ணி, வளைந்த தாங்குகொக்கி, பின்சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் மறைந்திருக்கும் கவ்வுகள் ஆகிய எதில் பழுது நேர்ந்தாலும் பாதத்துக்குத் தெரிவது ஒரே மாதிரியான அதிர்ச்சிதான். ஆகவே நழுவல் எந்தக் கியரில், எத்தனை மிதிக்கு ஒருமுறை, எவ்வளவு அழுத்தத்தில் நிகழ்கிறது என்பதைக் கண்டறியாமல் திருகைத் தொடுவது, நன்றாக இருக்கும் ஒன்றையும் சேர்த்துக் கெடுப்பதில் போய் முடியும்.

மலைப்பாதை வண்டியில் இந்தக் கோளாறு அதிகம் தலைகாட்டுவதற்கு, சேற்றையும் புழுதியையும் தவிர, எளிய கணக்கு ஒன்றும் காரணமாக உள்ளது. மிதியைத் தாங்கும் கையான கிராங்க்கின் நீளம் 175 மி.மீ. என்றும், முன்பற்சக்கரத்தின் பற்கள் 32 என்றும் கொண்டால், அந்தச் சக்கரத்தின் ஆரம் ஏறத்தாழ 65 மி.மீ. ஆகிறது, 70 கிலோ எடையுள்ளவர் தம் முழு எடையையும் ஒரே மிதியில் ஊன்றும்போது, நெம்புகோல் விதிப்படி சங்கிலியின்மேல் விழும் இழுவிசை ஏறத்தாழ 190 கிலோ எடைக்கு இணையாகிறது. பின்புறத்துச் சிறிய பற்சக்கரங்களில் சங்கிலியைப் பற்றியிருப்பவை ஐந்தாறு பற்களே என்பதால், இவ்வளவு விசையையும் அவைதாம் தாங்கியாக வேண்டும். கடையில் வண்டியைத் தூக்கி நிறுத்திக் கையால் மிதியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிடுவதும், வீடு திரும்பும் வழியிலேயே சங்கிலி மீண்டும் குதிப்பதும் இதனால்தான். கையின் விசையில் இந்தப் பழுது வெளிப்படுவதில்லை.

சங்கிலியின் தேய்மானத்தைச் 'செயின் நீண்டுவிட்டது' என்று சொல்வது வழக்கம். உண்மையில் தகடுகள் இழுபட்டு நீள்வதில்லை. 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு உருவாக்கிய உருளைச் சங்கிலியின் வழிவந்ததே இன்றைய மிதிவண்டிச் சங்கிலியும். அதில் ஒவ்வொரு கண்ணியும் ஓர் ஆணியின்மேல் திரும்புகிறது, அந்த ஆணியைச் சூழ்ந்துள்ள உருளை பற்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் அமர்கிறது. எண்ணெயில் ஒட்டிய மண்துகள் ஆணிக்கும் அது நுழையும் துளைக்கும் நடுவே புகுந்து இரண்டையும் அரைக்கும்போது, கண்ணிகளுக்கு இடையிலான தூரம் சிறிது சிறிதாகக் கூடுகிறது. ஒரு கண்ணியில் கூடுவது 0.06 மி.மீ. அளவே என்றாலும், 116 கண்ணிகள் கொண்ட சங்கிலியில் அது மொத்தமாக 7 மி.மீ. ஆகிவிடும். இவ்வாறு இடைவெளி கூடிய சங்கிலியின் உருளைகள் பள்ளத்தின் அடியில் அமராமல் பல்லின் மேற்பகுதியில் ஏறி நின்று இழுப்பதால், பற்களும் அதற்கேற்பத் தேய்ந்து, ஒரு பக்கம் சாய்ந்த கொக்கி வடிவை அடைகின்றன.

இங்கேதான் பலரையும் குழப்பும் நிலை உருவாகிறது. பழைய சங்கிலியும் பழைய பற்களும் ஒன்றுக்கொன்று ஈடாகத் தேய்ந்திருப்பதால், நெடுநாள் வரை நழுவலே தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும். சங்கிலி பழசாகிவிட்டதென்று புதியதை மாட்டிய அன்றுதான் அது குதிக்கத் தொடங்கும். புதிய சங்கிலியின் சரியான இடைவெளி, தேய்ந்த பற்களின் இடைவெளியோடு பொருந்தாமல், முழு இழுவிசையும் ஓரிரு பற்களின்மேல் விழ, உருளை சாய்ந்த பல்லின்மீது ஏறி அடுத்த பள்ளத்துக்குத் தாவிவிடுகிறது. புதுச் செயின் மட்டமானது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில் பயனில்லை. வழக்கமாக அதிகம் பயன்படும் ஓரிரு கியர்களில் மட்டும் நழுவி, அரிதாகப் பயன்படும் கியர்களில் ஒழுங்காக ஓடுமானால், குற்றவாளி கேசட்தான், அதாவது பின்சக்கரத்தில் அடுக்காக உள்ள பற்சக்கரத் தொகுதிதான் என்று உறுதியாகச் சொல்லலாம்.

சங்கிலியின் தேய்மானத்தை அளப்பதற்கென்றே சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது என்றாலும், இரும்பு அளவுகோல் ஒன்றே போதும். சங்கிலியைச் சற்று இழுத்துப் பிடித்து, ஓர் ஆணியின் நடுவில் பூச்சியத்தை வைத்தால், 24 கண்ணிகள் தள்ளியுள்ள ஆணியின் நடு, சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். அது தச்சர்கள் சொல்லும் அரை நூல், அதாவது அங்குலத்தில் 16இல் ஒரு பங்கு தள்ளி நின்றால், தேய்மானம் நூற்றுக்கு 0.5 ஆகிவிட்டது, ஒரு நூல் தள்ளிவிட்டால், சங்கிலியோடு கேசட்டையும் மாற்ற நேரும் என்றே எதிர்பார்க்க வேண்டும். பின்புறம் 11 அல்லது 12 பற்சக்கரங்கள் உள்ள வண்டிகளில் 0.5 விழுக்காட்டிலும், 10 அல்லது அதற்குக் குறைவாக உள்ளவற்றில் 0.75 விழுக்காட்டிலும் சங்கிலியை மாற்றிவிடுவது பொதுவான நடைமுறை.

அளவு சரியாக இருந்தும் நழுவுமானால், அதன் தாளத்தைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு முழு மிதிச் சுற்றுக்கும் ஒருமுறை தவறினால் முன்பற்சக்கரத்தில் ஒரு பல் வளைந்திருக்கலாம். பின்சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை என்றால், பழுது பின்பற்சக்கரத்தின் ஒரு பல்லில் இருக்கும். மூன்றரைச் சுற்றுக்குச் சற்று மேல் ஒருமுறை என்றால், அது சங்கிலியிலேயே உள்ள பழுது. ஏனெனில் 116 கண்ணிகளும் 32 பற்களின்மேல் ஒருமுறை கடந்து வர, மிதி ஏறத்தாழ 3.6 முறை சுற்ற வேண்டும். துருவினாலோ ஆணியைச் சரியாக அறையாததாலோ இறுகிய ஒரு கண்ணியே பெரும்பாலும் இதற்குக் காரணம். மிதியைக் கையால் மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே, சங்கிலி டிரெய்லியரின், அதாவது கியர் மாற்றும் கையின், சிறு உருளைகளைவிட்டு வெளியேறும் இடத்தை உற்றுப் பார்த்தால், மற்றக் கண்ணிகள் நேராக நீள, அந்த ஒன்று மட்டும் மடங்கியபடியே வந்து துள்ளிவிட்டுப் போவது கண்ணுக்குத் தெரியும். அங்கே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இரு பக்கமும் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல அசைத்தால் அது விடுபட்டுவிடும்.

சங்கிலி பல்லைத் தாண்டாமல், பக்கத்துச் சக்கரத்துக்கு ஏற முயன்று கரகரவென்று ஒலித்துக்கொண்டிருந்தால் மட்டுமே கேபிளின் முறை வருகிறது. எட்டுச் சக்கர அடுக்கில் இரு சக்கரங்களின் நடுத்தூரம் 4.8 மி.மீ.; பன்னிரண்டு சக்கர அடுக்கில் அது 3.6 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிட்டதால், புதுக் கேபிள் சிறிது இடங்கொடுத்தாலும் கியர் தடுமாறுகிறது. கேபிள் நுழையும் இடத்திலுள்ள உருளைத் திருகைக் கால் சுற்றாகத் திருப்பிச் சோதித்தால் போதும். வெளிநோக்கித் திருகினால் கேபிள் இறுகி, சங்கிலி பெரிய சக்கரத்தின் பக்கம் நகரும். சிறிய சக்கரங்களில் சரிசெய்தால் பெரியவற்றிலும், அங்கே சரிசெய்தால் இங்கும் கெட்டுப்போகுமானால், டிரெய்லியரைச் சட்டத்தோடு பிணைக்கும் தாங்குகொக்கி வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலப்பக்கம் விழுந்த வண்டியிலும், வலப்பக்கமாகக் கிடத்திக் காரில் ஏற்றிச் சென்ற வண்டியிலும் இது வெகு சாதாரணம். சட்டம் உடையாமல் தான் வளைய வேண்டும் என்பதற்காகவே அது மெல்லிய அலுமினியத்தில் செய்யப்படுகிறது.

எல்லாக் கியரிலும், எந்தத் தாளமும் இன்றி, அழுத்தி மிதிக்கும்போது மிதி வெறுமனே கீழே இறங்குமானால், சங்கிலி குற்றமற்றது. பின்பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு மிதியைப் பலமாக அழுத்தினால், சங்கிலி பல்லைவிட்டு அசையாதிருக்க, சக்கரம் திரும்பாமல் பற்சக்கரத் தொகுதி மட்டும் திரும்பும். மிதிக்காமல் உருளும்போது டிக்டிக் என்று ஒலிக்கும் சிறு கவ்வுகள், அழுக்காலோ தடித்த கிரீஸாலோ விசைச்சுருள் உடைந்ததாலோ தம் பள்ளத்தில் விழாமல் நிற்பதே இதன் காரணம். அவை இருக்கும் ஃப்ரீஹப் என்ற பகுதியைப் பிரித்துத் துடைத்தால் பல நேரம் சரியாகும். கவ்வின் முனை மழுங்கியிருந்தால் மாற்றியே ஆக வேண்டும். எழுந்து நின்று மிதிப்பவரின் கால் திடீரென்று பிடிப்பிழந்தால் அவர் கைப்பிடியின்மேல் சாய்ந்து விழுவார். ஆகவே நழுவல் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை, வண்டியை ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால், இருக்கையில் அமர்ந்தபடியே மிதியுங்கள்.