தீயணைப்போர் உணவும் நீரும்

காஞ்சிபுரத்திற்குத் தெற்கே உள்ள உத்திரமேரூர், குடவோலை முறையால் நாடறிந்த பழம்பதி. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் அங்குப் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள் ஊராட்சி வாரியங்களை விளக்குகின்றன. அவற்றுள் ஒன்று ஏரி வாரியம். நீரைப் பேணுவதற்கென்றே தனி வாரியம் கண்ட அவ்வூரில், இன்று அந்நீரைக் கொண்டு நெருப்பை வெல்லும் தீயணைப்பு மீட்புப்பணி நிலையம் ஒன்று உள்ளது. சுற்றியுள்ள சிற்றூர்களில் கூரைவீடு தீப்பற்றினாலும், கிணற்றில் மாடு விழுந்தாலும், வீட்டினுள் பாம்பு புகுந்தாலும் மக்கள் நாடுவது அந்நிலையத்தாரையே.

ஏரிப்பாசனத்தால் நெல் விளையும் அப்பகுதியில் வைக்கோற்போர்கள் மிகுதி. கோடையில் ஒரு பொறி பட்டாலும் போதும், போர் பற்றிக்கொள்ளும். மேலே எரியும் சுவாலையை அணைப்பது அரிதன்று. உள்ளே கனன்றுகொண்டிருக்கும் நெருப்பே தொல்லை தருவது. மேலே பாய்ச்சும் நீர் வைக்கோலின்மீது வழிந்தோடிவிடும், உள்ளே இறங்காது. ஆதலின், போரைச் சிறிது சிறிதாகப் பிரித்து இழுத்து, ஒவ்வொரு பகுதியையும் நனைத்தல் வேண்டும். இவ்வேலை பல மணி நேரம் நீளும். தலைமேல் சித்திரை வெயில், முகத்தெதிரே அனல், மூக்கிலே புகை. பெரிய தீயணைப்பு வண்டி 4,500 லிட்டர் நீரைச் சுமந்து வருவது. அவ்வளவு நீரின் அருகிலே நின்று உழைப்பவர் ஒரு மிடறும் பருகாமல் நாவறண்டு நிற்றல் கூடும் என்றால் வியப்பாகவே தோன்றும். ஆனால் அந்நீர் ஏரியிலிருந்தோ கிணற்றிலிருந்தோ நிரப்பியது, குடித்தற்கு உரியதன்று. குடிநீரை அவர்கள் தனியே கொண்டு செல்லல் வேண்டும். அழைப்பு மணி ஒலித்தவுடன் ஓடும் அவசரத்தில் மறந்துபோவது பெரும்பாலும் அதுவே.

மனித உடலின் இயல்பான வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகை செல்சியசு. கடுமையாக உழைக்கும்போது தசைகளில் வெப்பம் பெருகுகிறது. அதனை வெளியேற்றுவதற்கு உடல் கையாளும் வழி வியர்த்தல். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்பொழுது சற்றேறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை உடலிலிருந்து கவர்ந்து செல்கிறது. இங்கே கருத வேண்டியது ஒன்று உண்டு. குளிர்ச்சி தருவது ஆவியாகும் வியர்வையேயன்றி, வழிந்து சொட்டும் வியர்வையன்று. தீயைத் தாங்கும் தடித்த உடையும் மூச்சுக் கருவியும் சேர்ந்தால் 20 கிலோவுக்கு மேல் எடையாகும். அவ்வுடையினுள் காற்றுப் புகாமையால் வியர்வை உலர வழியில்லை. உடலோ வெப்பம் தணியவில்லை என்று மேலும் மேலும் வியர்வையைச் சுரக்கிறது. இவ்வாறு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டரும், சிலருக்கு அதற்கு மேலும், நீர் பயனின்றிக் கழிந்துவிடும்.

அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் 1.2 லிட்டர் நீரை இழந்தால், அது அவர் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு. அந்த அளவிலேயே உழைக்கும் ஆற்றல் குறையத் தொடங்கும், கவனமும் தளரும். ஏணியின் மேலே நிற்பவருக்கும், புகை சூழ்ந்த அறையில் வழி தேடுபவருக்கும் கவனத் தளர்ச்சி சிறு குறையன்று. தாகமோ சோம்பல் மிக்க தூதனைப் போன்றது. நீர் குறைந்த செய்தியை அது காலந்தாழ்த்தே கொண்டுவருகிறது. வேலையின் பரபரப்பில் அத்தூதன் வந்ததும் தெரியாமற் போவதுண்டு.

1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய கப்பல் ஒன்று தீப்பற்றி வெடித்தது. அதனை அணைக்கச் சென்ற தீயணைப்போருள் 66 பேர் உயிர் நீத்தனர். அந்நாள் இன்றும் நாடெங்கும் தீயணைப்போர் நினைவு நாளாகப் போற்றப்படுகிறது. அவர்களுடைய தொழிலின் இடர் என்றவுடன் நெருப்பும் வெடியுமே நினைவில் எழுகின்றன. அமெரிக்க நாட்டின் ஆய்வொன்று மற்றோர் இடரையும் காட்டியது. 1994 முதல் 2004 வரை அந்நாட்டில் பணியின்போது இறந்த தீயணைப்போரைப் பற்றிய அவ்வாய்வின்படி, ஏறக்குறைய பாதி இறப்புக்களுக்கு இதய நோயே காரணம். அவர்கள் பணிக்காலத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கையோ அதனினும் குறைவாகவோதான் தீயுடன் நேரே போராடுவதிற் செலவிட்டனர். ஆயினும் இதய நோயால் நேர்ந்த சாவுகளில் மூன்றில் ஒரு பங்கு அக்குறுகிய வேளையிலேயே நிகழ்ந்தது. நீர் குறையும்போது குருதியின் அளவும் குறைகிறது. அக்குறைந்த குருதியைத் தசைகளுக்கும் தோலுக்கும் ஒருங்கே அனுப்பும் பொருட்டு இதயம் விரைந்து துடிக்க நேர்கிறது. முன்னரே நலிந்திருக்கும் இதயம் இச்சுமையைத் தாங்குமா?

ஆதலால் நீர் பருகுதல் தீ பற்றிய பின் தொடங்கும் செயலாக இருத்தல் கூடாது. பணிக்கு வரும்பொழுதே உடலில் நீர் நிறைந்திருத்தல் வேண்டும். அதனை அறியக் கருவி எதுவும் வேண்டா. சிறுநீர் வெளிர்மஞ்சளாயின் நலம். கருமஞ்சளாயின் நீர் போதவில்லை. வெயிலிற் கடுமையாக உழைக்கும்பொழுது கால் மணிக்கும் இருபது நிமிடத்திற்கும் ஒருமுறை ஒரு குவளை, அஃதாவது ஏறத்தாழ 240 மில்லிலிட்டர், பருகுவது நன்று. ஒரே மூச்சில் பெருமளவு குடித்தால் வயிறு கனத்துக் குமட்டும். மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேற்படுதலும் ஆகாது. வெறுநீரை அளவின்றிக் குடித்தால் குருதியில் உப்பின் செறிவு தாழ்ந்து மயக்கமும் வலிப்பும் வரலாம்.

வியர்வையுடன் உப்பும் வெளியேறுகிறது. நெடுநேரம் வியர்த்தவருக்கு நீரோடு உப்பும் சிறிது மாவுச்சத்தும் தேவை. இதற்கெனக் கடையில் விற்கும் வண்ணப் பானங்களைத் தேட வேண்டுவதில்லை. கோடையில் தமிழ்நாட்டு ஊர்தோறும் பந்தலிட்டு வழங்கும் நீர்மோர், இஞ்சியும் கறிவேப்பிலையும் உப்பும் கலந்தது. இதற்கு மிகவும் பொருத்தமானது. பழைய சோற்றின் நீராகாரத்தில் உப்பிட்டுப் பருகுவதும் அத்தகையதே. இளநீரின் பெருமையை அறியாதார் இல்லை. எனினும் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. ஆகையால் மிக வியர்த்தவருக்கு இளநீர் மட்டும் போதாது. உப்பிட்ட உணவும் உடன் வேண்டும். மருந்தகத்திற் கிடைக்கும் உப்புச்சர்க்கரைப் பொட்டலத்தை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரிற் கரைத்து வைத்துக்கொள்வதும் எளிது. இரத்த அழுத்தம் உடையவர் மட்டும் மருத்துவரைக் கேட்டே உப்பைக் கூட்டுதல் வேண்டும். மது உடல்நீரை வற்றச் செய்வது. பணிக்கு முந்தைய இரவிலும் விலக்கத்தக்கது.

உணவைப் பொறுத்தவரை தீயணைப்போருக்குள்ள இடையூறு, அழைப்பு எப்பொழுது வரும் என்று தெரியாமையே. இலையில் கைவைத்த வேளையிலும் மணி ஒலிக்கலாம். வயிறு முட்ட உண்டவுடன் ஓடி உழைத்தால், செரிமானத்திற்குச் செல்ல வேண்டிய குருதி தசைகளுக்குத் திரும்பி வயிற்றுப் பிடிப்பும் வாந்தியும் உண்டாகும். பசியோடு சென்றாலோ கைகால் நடுங்கும். எனவே பெருவிருந்து ஒன்றினும் அளவான சிற்றுணவு பலமுறை கொள்வதே அவர்களுக்கு ஏற்றது. கேழ்வரகுக் கூழ் மெல்லச் செரித்து நெடுநேரம் வலுத் தருவது; சுண்ணாம்புச் சத்தும் மிக்கது. அவித்த வேர்க்கடலை, பயறு, சுண்டல் ஆகியவை தசைக்கு உரமளிப்பவை. காஞ்சிபுரம் இட்டலியோ மிளகும் சுக்கும் சீரகமும் சேர்ந்தது. ஆவியில் வெந்தமையால் செரித்தற்கு எளிது. வாழைப்பழத்தைச் சட்டைப் பையிலும் கொண்டுசெல்லலாம். இரவுப் பணியில் உறக்கத்தை விரட்டுவதற்காக எண்ணெய்ப் பலகாரமும் பரோட்டாவும் உண்பது பலர் வழக்கம். அந்நேரத்தில் செரிமானம் மந்தமாதலின் அவ்வழக்கம் நன்றன்று. நாள்தோறும் அவ்வாறு உண்டால் உடல் பருத்து, இதயத்தின் சுமை கூடும்.

2022ஆம் ஆண்டு, உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், தீயணைப்புத் தொழிலைப் புற்றுநோய் விளைக்கும் காரணங்களுள் முதல் தொகுதியிற் சேர்த்தது. எரிந்த நெகிழியும் வண்ணப்பூச்சும் கரியாக மாறித் தோலிலும் உடையிலும் படிகின்றன. அக்கையால் உணவை எடுத்தால் நஞ்சு வாய்வழி உட்செல்லும். தீக்களத்தில் மோர் பருகுமுன் முகத்தையும் கையையும் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். நிலையம் திரும்பியதும் கரிபடிந்த உடையை உணவறைக்கு வெளியிலேயே களைந்து, நீராடி, அதன் பின்னரே இலைமுன் அமர்தல் முறை.