சிக்கிலிட்டு மீன்தொட்டியும் "துப்புரவு மீன்" என்ற கருத்தும்

சிக்கிலிட்டு மீன்களை வளர்க்க முற்படுவோர் பொதுவாக இரண்டு வினாக்களை எழுப்புவர். தொட்டியைத் துப்புரவு செய்தற்கு எம்மீனை வாங்கலாம்? சிக்கிலிட்டுகளுடன் எம்மீன் இணங்கி வாழும்? இவற்றுள் முதலாவது வினா பிழையான அடிப்படையில் எழுவது என்பதே எமது கருத்தாகும்.

மீன்களின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவு அழுகுவதிலிருந்தும் அமோனியா தோன்றுகின்றது. பற்றீரியாக்கள் இதனை நைத்திரைற்றாகவும், பின்னர் நச்சுத்தன்மை குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நைத்திரேற்றைக் குறைத்தற்கு நாம் காலத்துக்குக் காலம் நீரின் ஒரு பகுதியை மாற்றுதல் வேண்டும். துப்புரவு மீன் என விற்கப்படுவது அல்காவைச் சுரண்டலாம்; அடியில் வீழ்ந்த உணவைப் பொறுக்கலாம். ஆனால் ஏனைய மீன்களின் மலத்தை அது அகற்றுவதில்லை. தானும் கழிவை வெளியேற்றி நீரின் சுமையைக் கூட்டுகின்றது. எனவே துப்புரவாளர் என்ற பெயர் பற்றீரியாவுக்கும் வளர்ப்பவரின் கைக்குமே பொருந்தும்.

இனி, இரண்டாவது வினாவை நோக்குவோம். தோழமை மீனைத் தெரிவு செய்கையில் முதலிற் கருதவேண்டியது நீரின் தன்மையாகும். தென்னமெரிக்காவின் றியோ நெக்ரோ ஆற்றுநீர் மென்மையானது, அமிலத்தன்மை உடையது. ஆபிரிக்காவின் மலாவி ஏரிநீரின் பி.எச். பெறுமானம் 8ஐ அண்டியது. தங்கனிக்கா ஏரியில் அது 9ஐ அண்டும். காரத்தன்மை கூடக்கூட அமோனியாவின் நச்சுத்தன்மையும் கூடும். ஆதலின் ஆபிரிக்க ஏரி மீன்களின் தொட்டியில் மேலதிக மீன்களை இடுவது கூடிய ஆபத்தை விளைவிக்கும். மேலும், மலாவி ஏரியின் பாறைவாழ் சிக்கிலிட்டுகள் பல தாமே அல்காவைச் சுரண்டி உண்பவை. அவற்றுக்கு வேறொரு சுரண்டி தேவையன்று.

அடுத்துக் கருதவேண்டியவை உடற்பருமனும் இயல்புமாகும். முட்டைகளையும் குஞ்சுகளையும் காக்குங் காலத்திற் சிக்கிலிட்டுகள் தம் எல்லைக்குள் எவரையும் அனுமதியா. மென்னீரில் வாழும் ஏஞ்சல் மீனுடன் கொரிடோராசு என்னும் சிறு கெளிறுகளைக் கூட்டமாக வளர்க்கலாம். நியோன் தெற்றாவோ வளர்ந்த ஏஞ்சல் மீனுக்கு இரையாகிவிடக்கூடும். பெரிய, மூர்க்கமான சிக்கிலிட்டுகளுடன் கொரிடோராசையும் இடலாகாது.

ஒரே நீரிற் பிறந்தவை யாவும் நட்புடையவை எனக் கொள்வதும் தவறு. தங்கனிக்கா ஏரியின் சினொடொந்திசு கெளிறுகளுள் ஓரினம், வாயில் முட்டைகளை அடைகாக்கும் சிக்கிலிட்டுகளின் முட்டைகளிடையே தன் முட்டைகளையும் இடுகின்றது. தாயின் வாயினுள்ளேயே கெளிற்றுக் குஞ்சுகள் அதன் குஞ்சுகளை உண்டு வளர்கின்றன. குயிலை ஒத்த இவ்வொழுக்கம் 1986ஆம் ஆண்டில் ஆய்வுலகுக்கு அறிவிக்கப்பட்டது.

எமது நாட்டின் களப்புகளிலும் இதற்கோர் ஒப்புமை உண்டு. இரு சிக்கிலிட்டு இனங்கள் இங்கும் தென்னிந்தியாவிலும் வாழ்கின்றன. செம்மஞ்சள் நிறமுடைய சிறிய இனம், பெரிய இனத்தின் உடலில் ஒட்டியுள்ளவற்றைக் கொத்தி உண்டு அதனைத் துப்புரவாக்குவதை வைமன், வாட் ஆகியோர் 1972இல் விவரித்தனர். அச்சிறு மீனே பெரிய மீனின் முட்டைகளையும் குஞ்சுகளையும் உண்பதுமுண்டு. உதவியும் ஊறும் ஒரே உறவில் அடங்கியிருத்தல் இங்கு நோக்கற்பாலது. நீண்ட கூர்ப்பு வரலாற்றில் உருவாகிய இத்தகைய உறவைக் கடையில் ஒரு மீனை வாங்கித் தொட்டியிலிட்டு உருவாக்கிவிட முடியாது.

இத்தவறான கருத்தின் விளைவு தொட்டியோடு நின்றுவிடுவதில்லை. விரலளவிற் "கண்ணாடி துடைக்கும் மீன்" என வாங்கப்படும் தென்னமெரிக்க உறிஞ்சுவாய்க் கெளிறு 30 சென்ரிமீற்றருக்கு மேல் வளரவல்லது. தொட்டி போதாதபோது சிலர் அதனைக் குளத்திலோ ஆற்றிலோ விட்டுவிடுகின்றனர். இலங்கையின் நீர்நிலைகள் சிலவற்றில் இம்மீன் இன்று நிலைபெற்றுள்ளது. அதன் கடினமான உடற்றகடுகளும் முட்களும் வலைகளிற் சிக்கி அவற்றைக் கிழிப்பதால் நன்னீர் மீனவர் நட்டமடைகின்றனர். ஒருவரது பொழுதுபோக்கின் சுமை, அதிற் பங்குகொள்ளாத உழைப்பாளியின் தலையில் விழுகின்றது.

ஆகவே, மீன் வாங்குமுன் அது வளர்ந்தபின் எவ்வளவினதாகும், எந்நீருக்குரியது, எதனை உண்ணும் என நாம் வினவுதல் வேண்டும். வளர்க்க இயலாதவிடத்து அதனை விற்றவரிடமோ வேறொரு வளர்ப்பாளரிடமோ ஒப்படைத்தல் வேண்டும்; நீர்நிலையில் விடலாகாது. தொட்டியின் துப்புரவை மீனிடம் ஒப்படையாது நாமே ஏற்போமாயின், இவ்விடர்களுட் பெரும்பாலானவை எழுவதற்கு இடமேயில்லை.